பியானோவுக்கு எத்தனை ஜிபி?

பியானோவில் 88 கட்டைகள். மெல்லத் தொட்டால் ஒரு நாதம், ஓங்கி அடித்தால் வேறொரு நாதம். கணினியில் வாசிப்பதற்காக ஒவ்வொரு கட்டையையும் பத்துவித அழுத்தங்களில் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். இப்படிப் பதிவான ஒவ்வொரு ஒலியும் ஒரு ‘சாம்பிள்’. ஒலி முழுவதும் அடங்கச் சராசரியாக 20 வினாடி. 24 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ பதிவு வினாடிக்குச் சுமார் 265 கேபி பிடிக்கும். பெருக்கிப் பார்த்தால் 4.6 ஜிபியைத் தாண்டுகிறது. இது ஒரே ஒரு பியானோவுக்கு! வயலின் கூட்டமும் செல்லோவும் புல்லாங்குழலும் இன்னும் வரவில்லை.

வீட்டில் கணினி வைத்து இசையமைக்கும் இளைஞர்கள் இந்த இடத்தில்தான் மலைத்துப்போகிறார்கள். நாலைந்து வாத்தியங்களைத் திறந்ததும் கணினி திணறுகிறது. உடனே காதில் விழும் அறிவுரை, "ரேம் பத்தாது, புதுசு வாங்கு" என்பது. கடன் வாங்கியாவது வாங்கிவிடுகிறார்கள். எது ரேமில் இருக்கிறது, எது டிஸ்கில் கிடக்கிறது என்று புரிந்துகொண்டால் அந்தச் செலவைப் பலர் தள்ளிப்போடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தத் தட்டுப்பாடு புதிதல்ல. சாம்பிள்களை வாசிக்கும் கருவிக்குச் சாம்ப்ளர் என்று பெயர். 1981இல் வந்த இம்யூலேட்டர் என்ற சாம்ப்ளரின் மொத்த நினைவகமே 128 கேபி. ஒரு ஒலிக்கு இரண்டே வினாடி. 1988இல் வந்த அகாய் எஸ்1000, 2 எம்பியுடன் விற்பனைக்கு வந்தது. முழுத் தரத்தில், மோனோவில் 24 வினாடிக்கு மேல் தாங்காது. செல்லோ நீண்டு ஒலிக்க வேண்டுமா? நடுவில் ஒரு துணுக்கை வெட்டி, ஒட்டு தெரியாமல் திரும்பத் திரும்ப ஓடவிடுவார்கள். பெரும் பொறுமையும் கூர்ந்த காதும் வேண்டிய வேலை அது.

திருப்பம் 1998இல் வந்தது. நெமிசிஸ் என்ற அமெரிக்க நிறுவனம் கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருளை வெளியிட்டது. ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொள். கட்டையை அழுத்தியதும் அந்தத் தொடக்கம் ஒலிக்கட்டும். அது முடிவதற்குள் மீதியை டிஸ்கிலிருந்து கொண்டுவந்துவிடு. இவ்வளவுதான் யோசனை. ஆனால் நம் பியானோவில் அது என்ன செய்கிறது பாருங்கள். 880 சாம்பிள்களுக்கும் 60 கேபி வீதம் முன்கூட்டியே ஏற்றினால் 53 எம்பி. 4.6 ஜிபி எங்கே, 53 எம்பி எங்கே!

அந்த 60 கேபி கால் வினாடிகூட ஒலிக்காது. அதற்குள் மீதி வந்தாக வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கின் முனை சரியான இடத்தைத் தேடிப் போகவே பத்து மில்லி வினாடி போல ஆகிவிடும். பல ஸ்வரங்கள் சேர்ந்த கார்டுகளை வேகமாக வாசித்தால் மூச்சுத்திணறும். எஸ்எஸ்டியில் இந்தத் தேடலே கிட்டத்தட்ட இல்லை. அதனால் சாம்பிள்களை எஸ்எஸ்டிக்கு மாற்றியவர்கள், கான்டாக்ட் போன்ற சாம்ப்ளர் மென்பொருளில் முன்கூட்டியே ஏற்றும் இந்த அளவை 12 கேபி வரை துணிந்து குறைத்துப் பார்க்கலாம். பியானோ 11 எம்பிக்குள் அடங்கிவிடும். கையில் காசு குறைவென்றால், ரேமைவிட முதலில் எஸ்எஸ்டிக்கே என் ஓட்டு.

விண்டோஸின் 32 பிட் காலத்தில் ஒரு மென்பொருளுக்கு 2 ஜிபிக்கு மேல் நினைவகம் பொதுவாகக் கிடைக்காது. 64 பிட் வந்தபின் அந்தச் சுவர் இல்லை. இன்று இடத்தை அடைப்பது பெரும்பாலும் நாம் தேவையில்லாமல் ஏற்றி வைப்பவைதான். ஒரு வயலின் கூட்டத்தைத் திறந்தால் வில்லால் நீட்டி இழுப்பது, துள்ளல், விரலால் மீட்டுவது, நடுக்கம் என்று எல்லாமே வந்து உட்காரும். பாட்டில் வருவதோ இரண்டு. கூடவே மைக்குகள். கிட்டத்தில் வைத்த மைக், மேலே தொங்கவிட்ட மைக், அரங்கின் ஓரத்து மைக் என்று மூன்றை இயக்கினால் சுமை மூன்று மடங்கு. மெட்டமைக்கும்போது ஒரு மைக் போதும்.

கான்டாக்டில் ‘பர்ஜ்’ என்றொரு வசதி உண்டு. பலர் தொட்டதே இல்லை. அந்த மெனுவில் ‘ரீசெட் மார்க்கர்ஸ்’ கொடுத்துவிட்டுப் பாட்டை ஆரம்பம் முதல் கடைசிவரை ஓடவிடுங்கள். பிறகு ‘அப்டேட் சாம்பிள் பூல்’. வாசிக்கப்படாத சாம்பிள்கள் எல்லாம் ரேமைவிட்டு வெளியேறிவிடும். மோகனத்தில் ஒரு மெட்டு என்றால் ஸ்தாயிக்கு ஐந்து ஸ்வரங்கள்தான்; மற்ற ஏழு கட்டைகளை ஏன் சுமக்க வேண்டும்? பின்னால் ஒரு அந்நிய ஸ்வரம் சேர்த்து அது மௌனமாக இருந்தால், இன்னொரு முறை அப்டேட் செய்தால் போதும்.

முடிவான டிராக்கை ‘ஃப்ரீஸ்’ செய்வது அடுத்தது. வாத்தியம் ஆடியோவாக மாறிவிடும். நான்கு நிமிட ஸ்டீரியோ டிராக் டிஸ்கில் 64 எம்பிதான். க்யூபேஸ் என்ற இசையமைப்பு மென்பொருளில் ஃப்ரீஸ் செய்யும்போது வாத்தியத்தை இறக்கிவிடும் தேர்வையும் ‘டிக்’ செய்ய வேண்டும். இல்லையென்றால் பிராசஸர் ஓய்வெடுக்கும், ரேம் நிரம்பியே இருக்கும்.

ஒலியில் ‘பட் பட்’ என்று வெடித்தால் எல்லாப் பழியையும் ரேம்மீது போடாதீர்கள். முதல்முறை ஓட்டும்போது வெடித்து, இரண்டாம் முறை சரியாகிவிட்டால் டிஸ்க்கைச் சந்தேகியுங்கள். அதே இடத்தில் ஒவ்வொரு முறையும் வெடித்தால் பெரும்பாலும் பிராசஸர். ஆடியோ அமைப்பில் பஃபர் அளவை 128இலிருந்து 512க்கு ஏற்றிப் பாருங்கள்.

எழுதுவதற்கு எடை குறைந்த வாத்தியங்களே போதும் என்பதற்கு நல்ல சான்று, லண்டனின் மைடா வேல் ஸ்டுடியோவில் பதிவான பிபிசி சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா சாம்பிள் தொகுப்பு. அதன் முழுப் பதிப்பு 600 ஜிபி அளவு. ‘டிஸ்கவர்’ என்ற சிறு பதிப்பு 200 எம்பி அளவு. சிறியதில் எழுதியதைப் பெரியதில் அப்படியே திறக்கலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு வயலின் கலைஞரை அழைத்து மூன்று நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்தால் மோனோவில் 24 எம்பிகூட ஆகாது. கமகமும் உயிரோடு வரும். எத்தனை ஜிபி சாம்பிளும் அதற்கு ஈடாகாது.

புதிய கணினி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: ஆப்பிளின் எம் வரிசை மேக்குகளில் பின்னால் ரேம் கூட்ட முடியாது. வாங்கும்போதே யோசித்துவிட வேண்டும். ஆனால் கடைக்குக் கிளம்புமுன், உங்களைத் திணறடிக்கும் ப்ராஜெக்டைத் திறந்து, மெமரி எவ்வளவு போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பர்ஜ் செய்து, தேவையற்ற மைக்குகளை நிறுத்தி, முடிந்த டிராக்குகளை ஃப்ரீஸ் செய்தபின் மறுபடி பாருங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை அப்புறம் முடிவு செய்யுங்கள்.