விடியுமுன் விழிக்கும் குழந்தை

"ஐந்து மணிக்கே எழுந்துவிடுகிறான், தூக்கமே போதவில்லை" என்று மாமல்லபுரம் கடலோர ஊர்களிலிருந்து வரும் தாய்மார்கள் அடிக்கடி கூறுவதுண்டு. முதலில் கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று, நான்கு வயதில் பகல் உறக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இரவு 7.30க்கு உறங்கி ஐந்துக்கு எழும் குழந்தை, அங்கன்வாடியில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால் பத்தரை மணி நேரம் ஆகிவிடுகிறது. அது குறைபாடன்று.

குழந்தையைத் தாமதமாகப் படுக்கவைப்பதால் பெரும்பாலும் எழும் நேரம் மாறுவதில்லை, உறக்கம்தான் குறைகிறது. வெளிச்சத்தைக் கவனியுங்கள். தந்தை கடலுக்குப் புறப்படும் ஓரறை வீட்டில் விளக்கை ஏற்றாமல் இருக்க இயலாது. சுவர்ப்பக்கம் திருப்பிய சிறு விளக்கு போதும். மே, ஜூனில் இங்கே 5.45 மணியளவிலேயே கதிரவன் எழுகிறது. கிழக்குச் சன்னலுக்குத் தடித்த துணி கட்டுங்கள். எழுந்தவுடன் கைப்பேசி தருவது, நாளையும் அதே நேரத்தில் எழுவதற்கான அழைப்பு.

பெரும்பாலான இரவுகளில் குறட்டையோ, வாய் திறந்து மூச்சு வாங்குவதோ, மூச்சு இடையில் நிற்பதோ இருந்தால் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துவாருங்கள்.