டெல்லி வெயிலில் திக்கும் ஃபிரேம்கள்

2024 மே 29 அன்று டெல்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் வெப்பம் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அப்படிப்பட்ட நாள்களில், ஏசி இல்லாத அறையில் கேம் ஆடுபவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. முதல் சில நிமிடங்கள் ஆட்டம் வழுக்கிக்கொண்டு ஓடும். பிறகு படம் திக்கித் திக்கி நகரும். கிராஃபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது என்று முடிவுகட்டி, நேரு பிளேஸ் கணினிச் சந்தைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். மாணவர்கள் சேர்த்துவைத்த பணம் இப்படிக் கரைவது எனக்குப் பொறுக்கவில்லை. கோளாறு கார்டில்தானா என்று முதலில் பார்க்க வேண்டாமா?

காரணம் சூடாகவும் இருக்கலாம். பிராசசரின் சூட்டை, அதன்மேல் பொருத்திய உலோகத் தகடுகளான ஹீட் சிங்க் அறைக் காற்றிடம்தான் கொட்டுகிறது. அறை சூடானால் சில்லும் அதே அளவுக்குச் சூடாகும். 25 டிகிரி அறையில் 80 டிகிரியில் ஓடும் பிராசசர், அதே வேலைக்கு 40 டிகிரி அறையில் ஏறத்தாழ 95-ஐ எட்டும். இன்டெலின் பல பிராசசர்களுக்கு வரம்பு 100 டிகிரி. ஏஎம்டி ரைசன் 5000 வரிசையில் பலவற்றுக்கு 90. வரம்பை நெருங்கியதும் சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இதன் பெயர் தெர்மல் திராட்லிங். போதாக்குறைக்கு டெல்லியின் கோடைப் புழுதி ஹீட் சிங்க் தகடுகளுக்கு இடையே படிந்து காற்றை மறித்துவிடும்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு அரைமணி நேரம் ஆடுங்கள். வெப்பம் ஏற ஏற கிளாக் வேகம் இறங்கினால் குற்றவாளி சூடுதான். மின்சாரத்தைத் துண்டித்து, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு, பிளோயரால் தூசியை ஊதுங்கள். பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே உள்ள பழைய தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள்.

சராசரி எஃப்பிஎஸ் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். வினாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிவினாடி. ஒரே ஒரு ஃபிரேம் 100 மில்லிவினாடி இழுத்தாலும் அந்த வினாடியின் கணக்கு 55 என்றே காட்டும். ஆனால், கண் அந்த வெட்டைப் பிடித்துவிடும். ஃபிரேம் டைம் வரைபடத்தைப் பாருங்கள். சூடு இல்லாமலேயே அதில் முட்கள் எழுந்தால் ரேம் நிரம்பியிருக்கலாம்.

எஃப்பிஎஸ் குறையாமலேயே மவுஸ் கிளிக் தாமதமாகத் திரைக்கு வருவது வேறு கதை. பிராசசர் தயாரித்த ஃபிரேம்கள் ரேஷன் கடை வரிசைபோல கிராஃபிக்ஸ் கார்டின் முன் காத்துக்கிடக்கின்றன. 60 எஃப்பிஎஸ்ஸில் காத்திருக்கும் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிவினாடியைக் கூட்டும். ஃபிரேம்களை மானிட்டரின் வேகத்தோடு பொருத்தும் விசிங்க்கை அணைப்பதும், வரிசையைக் குறைக்க என்விடியா 2020-இல் கொண்டுவந்த ரிஃப்ளெக்ஸ் வசதியை இயக்குவதும் இந்தத் தாமதத்தைக் குறைக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் விண்டோஸ் டிஸ்பிளே அமைப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே ரிஃப்ரெஷ் ரேட் 60-லேயே நின்றிருப்பது சகஜம்.

இணையத் தாமதத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. டெல்லிக்கும் மும்பை சர்வருக்கும் நேர்கோட்டில் சுமார் 1,150 கி.மீ. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்லும். போய்வரவே குறைந்தது 11 மில்லிவினாடிக்கு மேல் ஆகும். எந்தக் கார்டும் அதைக் குறைக்காது. இணையத்தைத் துண்டித்துவிட்டுத் தனியாள் ஆட்டம் ஒன்றை ஆடிப் பாருங்கள். அப்போதும் தாமதம் இருந்தால் குறை கணினியில். மறைந்துவிட்டால் பார்க்க வேண்டியது இணைய இணைப்பை.