இரைச்சல் ஒலிவாங்கியிலா, மின்குமிழிலா?

எனக்குத் தெரிந்த புடவைக் கடைக்காரர் ஒருவர் கவலையோடு வந்தார். கடை விளம்பரங்களுக்குக் குரல் பதிவு செய்யவென்று மகனுக்கு வீட்டு மாடியில் ஓர் அறையை ஒழுங்கு செய்து கொடுத்திருந்தார். எதைப் பதிவு செய்தாலும் பின்னணியில் ஒரே இரைச்சல். "ஒலிவாங்கியை மாற்ற வேணுமாம் நானா, இன்னும் செலவு" என்றார். "முதலில் லைட்டை அணைத்துப் பாருங்கள்" என்றேன். அணைத்ததும் இரைச்சல் நின்றது. கோளாறு, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் சுவிட்சில்.

காரணம் இதுதான். நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். சாதாரண டிம்மர் அந்த மின்னலையை விநாடிக்கு 100 தடவை வெட்டுகிறது. அந்த வெட்டுத்தான் ஒலி வயரில் புகுந்து இரைகிறது. ஆகவே பதிவு அறைக்கு டிம்மர் வேண்டாம். வெளிச்சம் குறைய வேண்டுமானால் இரண்டு மூன்று சிறு குமிழ்களைத் தனித்தனி சுவிட்சில் பொருத்துங்கள்.

பழைய இழைக் குமிழ் இரைச்சல் தராது. ஆனால் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யும் மூடிய அறையில் அதன் சூட்டைத் தாங்க முடியாது. எல்.ஈ.டி.தான் வசதி. அதற்குள் இருக்கும் மின்சுற்றும் இரைச்சலைக் கிளப்பக் கூடியது. தரமானவற்றில் அதைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும். விலையைக் குறைப்பதற்காக அதை விட்டுவிடுவோரும் உண்டு.

பெட்டியைப் பார்த்து இதை அறிய முடியாது. எனவே டசின் கணக்கில் வாங்க முன் ஒன்றை மட்டும் வாங்குங்கள். பேட்டரி ரேடியோவை மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்துக் குமிழுக்கு அருகே கொண்டு செல்லுங்கள். இரைச்சல் பலமாகக் கூடினால் அந்தக் குமிழ் வேண்டாம். பிறகு அறையிலேயே லைட்டை அணைத்து அரை நிமிடமும், போட்டு அரை நிமிடமும் பதிவு செய்து, ஹெட்போனில் ஒப்பிட்டுக் கேளுங்கள்.

ஒலி வயரை மின்சார வயரோடு சேர்த்துக் கட்டக் கூடாது. குறுக்கிட நேர்ந்தால் நேர்க்கோணத்தில் கடக்க வேண்டும். ஒலிவாங்கிக்கு மூன்று முனை எக்ஸ்.எல்.ஆர். வயரே நல்லது. இரைச்சலைப் போக்குவதாக எண்ணி எர்த் வயரைக் கழற்றிவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து.

மின்பொருள் விற்கும் சகோதரர்களும் இந்தப் பரீட்சையைக் கடையிலேயே செய்து காட்டலாம். வாடிக்கையாளர் ஒருவரை வீண் செலவிலிருந்து காப்பாற்றினால், அடுத்த சாமானுக்கும் அவர் உங்களிடமே வருவார்.