போதை நோய்க்குச் சிகிச்சை: சட்டம் தரும் உரிமை

குடிக்கு அடிமையாவது ஒரு நோய். கஞ்சா, அபின், ஹெராயினுக்கு அடிமையாவதும் நோய்தான். பலர் இதைக் கெட்ட குணம் என்று நினைக்கிறார்கள். "மனசு வைத்தால் விட்டுவிடலாம்" என்கிறார்கள். ஆனால் நெடுநாள் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும். தூக்கம் வராது. சிலருக்கு வலிப்பு வரும். உயிருக்கே ஆபத்து வரலாம். எனவே மருத்துவர் உதவி தேவை.

ஆனாலும் பலர் மருத்துவமனைக்குப் போவதில்லை. ஏன்? போலீஸ் பிடிக்குமோ என்ற பயம். கையில் கார்டு இல்லை. கூட வர ஆள் இல்லை. இந்தத் தடைகளைக் குறைக்க இரண்டு சட்டங்கள் உள்ளன.

போலீஸ் பயம்

கஞ்சா, ஹெராயின் போன்றவற்றைப் பயன்படுத்துவது 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதே சட்டத்தில் 64-ஏ என்ற பிரிவும் உண்டு. அடிமையான ஒருவர் தாமாகவே சிகிச்சைக்கு வரலாம். அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் முழுச் சிகிச்சை பெறலாம். அப்படிப் பெற்றால், பயன்படுத்திய குற்றத்திற்காக அவர்மீது வழக்கு நடத்த முடியாது. சிறிதளவு வைத்திருந்த குற்றத்திற்கும் இது பொருந்தும். பெரிய அளவு வைத்திருந்தவருக்குப் பொருந்தாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம்.

கார்டு இல்லையே!

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் வந்தது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. குடியாலும் போதைப் பொருளாலும் வரும் மனநோய்களும் இதில் அடங்கும்.

ஒருவர் வெளியூரில் கொத்து வேலை செய்கிறார். கார்டு சொந்த ஊரில் இருக்கிறது. அவருக்குச் சிகிச்சை கிடைக்குமா? கிடைக்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அரசு மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை இலவசம். அதற்கான கார்டு இல்லாவிட்டாலும் இலவசம். வீடற்றவருக்கும் இலவசம். 18-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது.

கூட வர ஆள் இல்லையே!

18 வயது நிரம்பியவர் தாமே வந்து சேரலாம். உறவினர் கையெழுத்து கட்டாயம் இல்லை. உள்ளே தங்க வேண்டுமா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும். யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது.

என்ன செய்வது?

மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள். 14446 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் விவரம் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கார்டு இல்லை என்று திருப்பி அனுப்பினால் 18-ஆம் பிரிவை எடுத்துச் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். அங்கே இலவசமாக வக்கீல் உதவி கிடைக்கும்.

சிகிச்சை யாரும் போடும் பிச்சை அல்ல. அது உரிமை. கேட்டுப் பெறுங்கள்.