கருமை வேறு, காப்பு வேறு

கறுப்புக் கண்ணாடியின் தரத்தைப் பெரும்பாலோர் அதன் கருமையைக் கொண்டே மதிப்பிடுகின்றனர். எவ்வளவு கருமையோ அவ்வளவு பாதுகாப்பு என்ற எண்ணம் நடைபாதைக் கடையில் வாங்குபவரிடமும் விமான நிலையக் கடையில் வாங்குபவரிடமும் ஒன்றுபோலவே காணப்படுகிறது. ஆனால் நல்ல கண்ணாடி ஒன்று செய்யவேண்டிய வேலைகள் மூன்று: கண்ணுக்குப் புலப்படாத புற ஊதாக் கதிர்களைத் தடுப்பது, கண்ணுக்குப் புலப்படும் ஒளியைத் தேவையான அளவுக்குக் குறைப்பது, பறந்து வந்து மோதும் துகள்களிலிருந்து கண்ணைக் காப்பது. இம்மூன்றும் ஒன்றையொன்று சாராதவை என்பதால், ஒன்றில் சிறந்த கண்ணாடி மற்ற இரண்டிலும் முற்றிலும் பயனற்றதாக இருக்கக்கூடும். நிரந்தரப் பனி மூடிய சிகரங்களும், மலையைக் குடைந்து செல்லும் நீண்ட சாலைகளும், நூற்றாண்டுகளாக வேரூன்றிய துப்பாக்கி சுடும் மரபும் ஒரே நாட்டில் அமைந்திருப்பதால், இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்வதற்கு சுவிட்சர்லாந்தைவிடப் பொருத்தமான இடம் வேறொன்று எளிதில் கிடைக்காது.

சூரியக் கதிர்களில் ஏறத்தாழ 380 முதல் 780 நானோமீட்டர் வரை அலைநீளம் உடையவற்றையே மனிதக் கண் ஒளியாக உணர்கிறது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. அதனினும் குறைந்த அலைநீளமும் மிகுந்த ஆற்றலும் கொண்டவை புற ஊதாக் கதிர்கள். இவற்றுள் குறுகிய அலைகளைக் கண்ணின் முன்புறம் மூடியிருக்கும் கார்னியா என்னும் ஒளிபுகு படலம் உறிஞ்சிக்கொள்கிறது. சற்று நீண்ட அலைகள் அதைக் கடந்து உள்ளே இருக்கும் கண்வில்லையை அடைகின்றன. பல ஆண்டுகள் தொடரும் இத்தாக்கம் கண்புரைக்கும், வெண்விழியிலிருந்து கார்னியாவின் மேல் படரும் சதை வளர்ச்சிக்கும் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. சிறுவர்களின் கண்வில்லை பெரியவர்களுடையதைவிடத் தெளிவாக இருப்பதால் அவர்களின் விழித்திரைக்குக் கூடுதல் கதிர்கள் சென்று சேர்கின்றன. ஆகவே குழந்தைகளின் கண்ணாடியை விளையாட்டுப் பொருளாக எண்ணி வாங்குவது பொருந்தாது.

கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் செறிவு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. புல்லும் மண்ணும் தம்மேல் விழும் புற ஊதாக் கதிரில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை; புதிதாகப் பெய்த பனியோ 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்புகிறது. 1912ஆம் ஆண்டு முதல் பயணிகளை ஏற்றிச் செல்லும் மலை ரயிலின் முடிவிடமான யுங்ஃபிராவ்யோஃக் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில், பனியாற்றின் விளிம்பில் இருக்கிறது. சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ சுற்றுலா வருபவர், காற்று குளிர்ந்திருப்பதையும் வானம் மூடியிருப்பதையும் பார்த்து இங்கே கண்ணாடி தேவையில்லை என்று முடிவு செய்வது இயல்பே. ஆனால் மெல்லிய மேகம் இக்கதிர்களில் பெரும்பகுதியைத் தடுப்பதில்லை. மேலிருந்து வருவதோடு, கீழே உள்ள பனியிலிருந்து எதிரொளித்து வருவதும் கண்ணைத் தாக்குகிறது.

இவ்வாறு கார்னியாவில் ஏற்படும் அழற்சிக்குப் பனிக்குருடு என்று பெயர். மணல் விழுந்ததுபோன்ற உறுத்தலும், இடைவிடாத கண்ணீரும், ஒளியைக் காணப் பொறுக்காமையும் இதன் அறிகுறிகள். இவை உடனே தோன்றாமல் சில மணி நேரம் கழித்தே தோன்றுவதால், பாதிப்பு நிகழும் வேளையில் அதை உணர வழியில்லை. ஜெனீவாவைச் சேர்ந்த அறிவியலாளர் ஓராஸ் பெனெடிக்ட் தெ சொசூர் 1760இல் அறிவித்த பரிசு தூண்டிய முயற்சிகளின் விளைவாக, 1786 ஆகஸ்ட் 8 அன்று மிஷேல் பக்கார் என்ற மருத்துவரும் ஜாக் பல்மா என்பவரும் மோன் பிளான் சிகரத்தின் உச்சியை முதன்முதலாக அடைந்தனர். அந்த ஏற்றத்திலிருந்து திரும்பிய பக்கார் பனிக்குருட்டால் பார்வை மங்கிய நிலையில்தான் ஊர் வந்து சேர்ந்தார். சில நாள்களில் இது பொதுவாகக் குணமடைந்துவிடும் என்றாலும், மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருப்பவருக்குச் சில மணி நேரப் பார்வையிழப்பே உயிராபத்தாக முடியலாம்.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஆற்றல் கண்ணாடியின் நிறத்தில் இல்லை. அது வில்லை செய்யப்பட்ட பொருளிலும் அதில் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள்களிலும் இருக்கிறது. பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் வகை தன் இயல்பிலேயே புற ஊதாக் கதிர்களில் ஏறத்தாழ அனைத்தையும் உறிஞ்சிக்கொள்வதால், நிறமே இல்லாத பாலிகார்பனேட் வில்லை கூட இந்த வேலையைச் செம்மையாகச் செய்கிறது. மாறாக, இத்தகைய தடுப்பு இல்லாத கருமையான வில்லைக்குப் பின்னால், வெளிச்சம் குறைந்ததாக எண்ணிக் கண்பாவை விரிகிறது. விரிந்த பாவையின் வழியே தடுக்கப்படாத கதிர்கள் உள்ளே நுழைகின்றன. கண்ணாடியில் ‘யுவி 400’ என்று பொறித்திருந்தால், 400 நானோமீட்டருக்குக் கீழ்ப்பட்ட கதிர்களை அது தடுக்கிறது என்று பொருள். அப்பொறிப்பு உண்மைதானா என்பதைக் கண்ணாடிக் கடைகளில் உள்ள சிறு அளவி கொண்டு சில நொடிகளில் சோதித்துவிடலாம்.

புலப்படும் ஒளியை எவ்வளவு குறைக்கவேண்டும் என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பாவில் பின்பற்றப்படும் இ.என். ஐ.எஸ்.ஓ. 12312-1 என்ற தரநிலை, கண்ணாடிகளை 0 முதல் 4 வரை ஐந்து வகைகளாகப் பிரிக்கிறது. 80 விழுக்காட்டுக்கு மேல் ஒளியை உள்ளே விடுவது 0 வகை. 43 முதல் 80 வரை விடுவது முதல் வகை. 18 முதல் 43 வரை இரண்டாம் வகை. 8 முதல் 18 வரை மூன்றாம் வகை. 3 முதல் 8 வரை மட்டுமே விடுவது நான்காம் வகை. வெயில் மிகுந்த நாள்களில் அன்றாடப் பயன்பாட்டுக்கு மூன்றாம் வகையும், மேகமூட்டமான நாள்களில் இரண்டாம் வகையும் போதுமானவை. நான்காம் வகை பனியாறுகளுக்கும் உயர்ந்த சிகரங்களுக்கும் உரியது. அதை அணிந்துகொண்டு வண்டி ஓட்டக்கூடாது என்று அத்தரநிலையே எச்சரிக்கிறது. பெரும்பாலும் காதுப் பிடியின் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும் இவ்வெண்ணைப் படித்துப் பார்ப்பவர் குறைவு.

நான்காம் வகையை அணிந்து வண்டி ஓட்டக்கூடாது என்ற தடையின் காரணத்தை 1980இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 17 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கச் சாலையின் வாயிலில் எவரும் உணரலாம். பனி ஒளிரும் மலைப்பாதையிலிருந்து இருட்டுக்குள் நுழையும் ஓட்டுநரின் கண்கள் புதிய வெளிச்ச அளவுக்குப் பழகுவதற்குள் வண்டி நூற்றுக்கணக்கான மீட்டர்களைக் கடந்துவிடுகிறது. கருமையான கண்ணாடி அந்த இடைவெளியை மேலும் நீட்டிக்கிறது. வெயிலில் கருத்து நிழலில் தெளியும் ஃபோட்டோகுரோமிக் வில்லைகள் இதற்குத் தீர்வாகத் தோன்றினாலும், அவற்றுக்கு இங்கே இரண்டு குறைகள் உண்டு. அவை புற ஊதாக் கதிர் பட்டால்தான் கருக்கும். வண்டியின் முன்கண்ணாடி அக்கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் வண்டிக்குள் அவை போதிய அளவு கருப்பதில்லை. குளிரில் அவை மிகுதியாகக் கருப்பதோடு, தெளிவதற்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கின்றன.

போலரைஸ்டு வில்லை என்பது நீர்ப்பரப்பு, ஈரச்சாலை போன்ற தட்டையான பரப்புகளில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தை மட்டும் தனியே வடிகட்டுவது. ஏரிக்கரையில் நடப்பவருக்கும் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கும் இது பெரும் ஆறுதல் தரும். ஆயினும் புற ஊதாத் தடுப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை; மேலும், பனிச்சறுக்குப் பாதையில் உறைந்து இறுகிய பகுதியைக் காட்டிக்கொடுக்கும் பளபளப்பையும் இது மறைத்துவிடுவதால், சறுக்குபவர்களுள் சிலர் இதைத் தவிர்க்கின்றனர். நிறத்தைப் பொறுத்தவரை, சாம்பல் நிறம் பிற நிறங்களை மாற்றாமல் காட்டுகிறது. பழுப்பு நிறம் நீல ஒளியைக் குறைத்து ஒளி நிழல் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுகிறது. மஞ்சள் நிறம் மங்கிய பகலில் காட்சியைத் தெளிவாக்குவதுபோல் தோன்றினாலும் இரவில் வண்டி ஓட்ட உதவுவதில்லை.

மூன்றாவது வேலையான மோதலிலிருந்து காத்தல், துப்பாக்கி சுடுமிடத்தில் முதலிடம் பெறுகிறது. 1824இல் ஆராவ் நகரில் நடந்த முதல் கூட்டாட்சித் துப்பாக்கி சுடும் விழாவும், அதே ஆண்டில் தோன்றிய தேசியச் சங்கமும் சுவிட்சர்லாந்தின் துப்பாக்கி சுடும் மரபுக்கு அமைப்பு வடிவம் தந்தன. ஒவ்வோர் ஆண்டும் நடைபெறும் ஃபெல்ட்ஷீசன் விழாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்கின்றனர். சூரிச் நகரின் அல்பிஸ்கூட்லி களத்தில் செப்டம்பரில் நடக்கும் க்னாபன்ஷீசன் போட்டி 13 முதல் 17 வயது வரையுள்ளோருக்கானது. 1991 முதல் சிறுமியரும் அதில் கலந்துகொள்கின்றனர். துப்பாக்கி வழங்கப்பட்ட படைவீரர்கள் ஆண்டுதோறும் 300 மீட்டர் தொலைவு இலக்கில் கட்டாயச் சுடுதலை முடிக்கவேண்டும். சுவிஸ் குடியுரிமை பெற்றுப் படைப்பணியாற்றும் தமிழ் இளைஞர்களுக்கும் இக்கடமை பொருந்தும். சுவிஸ் வீராங்கனைகளுள் டோக்கியோ ஒலிம்பிக்கில் நீனா கிறிஸ்டனும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கியாரா லியோனும் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் தங்கம் வென்றது இம்மரபின் அண்மைக்கால வெளிப்பாடு.

சுடுகளத்தில் கண்ணுக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் குண்டிலிருந்து வருவதில்லை. சுட்டவுடன் வெளியே எறியப்படும் தோட்டாவின் சூடான வெற்றுக்கூடு பக்கத்தில் இருப்பவரின் முகத்தில் படலாம். தோட்டா பழுதுபட்டிருந்தால் வெடிவாயு பின்னோக்கிப் பாயலாம். களிமண் தட்டுகளைச் சுடும் விளையாட்டில் உடைந்த சில்லுகள் சிதறி வரலாம். இவற்றுக்காகவே இ.என். 166 என்ற காப்புக் கண்ணாடித் தரநிலை மோதல் சோதனையை வகுத்தது. இச்சோதனையில் 6 மில்லிமீட்டர் விட்டமும் 0.86 கிராம் எடையும் உள்ள எஃகுக் குண்டு நொடிக்கு 45 மீட்டர் வேகத்தில் மோதியும் உடையாத வில்லையில் ‘எஃப்’ என்ற எழுத்து பொறிக்கப்படுகிறது. இது மணிக்கு 162 கிலோமீட்டர் வேகம். படைத்துப்பாக்கியின் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 900 மீட்டர் வேகத்தில், இச்சோதனைக் குண்டைவிட ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட ஆற்றலுடன் செல்வதால், எந்த மூக்குக் கண்ணாடியும் அதைத் தடுக்காது.

கடையில் காணப்படும் ‘சி.இ.’ முத்திரையின் பொருளும் இங்கே வேறுபடுகிறது. சாதாரணக் கறுப்புக் கண்ணாடிக்குத் தரநிலை நிறைவேறியதென உற்பத்தியாளரே உறுதிமொழி அளித்து முத்திரையிடலாம். மோதல் காப்புக் கண்ணாடிக்கோ அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் ஒன்று மாதிரியைச் சோதித்துச் சான்றளிக்கவேண்டும். எனவே விலையுயர்ந்த நாகரிகக் கண்ணாடியைச் சுடுகளத்துக்கு அணிந்து செல்வது காப்பாகாது. காப்புக் கண்ணாடி பக்கவாட்டையும் புருவத்தையும் மூடிப் பொருந்துவது மட்டுமன்றி, அதன் காதுப் பிடிகள் மெல்லியவையாகவும் இருக்கவேண்டும். பருத்த பிடிகள் காதுக் கவசத்துக்கும் தோலுக்கும் இடையே இடைவெளியை உண்டாக்கி, ஒலித்தடுப்பைக் குறைத்துவிடும்.

300 மீட்டர் இலக்கைச் சுடுபவர் மற்றொரு சிக்கலையும் எதிர்கொள்கிறார். அவர் பின்புறக் குறிகாட்டியின் சிறு துளை வழியே, கைக்கெட்டும் தொலைவை அடுத்துள்ள முன்புறக் குறிகாட்டியைத் தெளிவாகக் காணவேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அது மங்கலாகிவிடுகிறது. மேலும், படுத்துச் சுடும்போது தலை சாய்வதால் பார்வை வில்லையின் மையத்தைத் தவிர்த்து அதன் மேல் மூலை வழியே சென்று, காட்சி திரிபடைகிறது. இதற்காகவே, ஒற்றை வட்ட வில்லையைப் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக நகர்த்திப் பொருத்தக்கூடிய போட்டிக் கண்ணாடிகள் உள்ளன. தொலைப்பார்வை அளவுடன் சுமார் அரை டையாப்டர் (வில்லைத் திறனின் அலகு) சேர்த்து அவ்வில்லை செய்யப்படுகிறது; குறிபார்க்காத கண்ணை மூடாமல் மறைக்க ஒரு தகடும் வைக்கப்படுகிறது. ஆனால் இவை பார்வைக்கு உதவும் கருவிகளே; சுற்றிலும் திறந்திருப்பதால் மோதலுக்கு எதிராக இவை தரும் காப்பு சொற்பமே. ‘துப்பாக்கி சுடும் கண்ணாடி’ என்ற ஒரே பெயரில் விற்கப்படும் இவ்விரு இனங்களையும் வாங்குபவர் பிரித்தறிய வேண்டும்.

ஆகவே வாங்குபவர் கேட்கவேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் யுவி 400 தடுப்பு. அடுத்து வகை எண். சுடுகளத்துக்கோ தொழிற்கூடத்துக்கோ என்றால் மோதல் குறியீடு. பின்னர், பக்கத்திலிருந்தும் கீழிருந்தும் ஒளி புகாதபடி முகத்தோடு பொருந்தும் அமைப்பு. வில்லையைக் கையில் நீட்டிப் பிடித்து, அதன் வழியே கதவின் நேர்கோட்டைப் பார்த்தபடி மெல்ல அசைக்கும்போது கோடு வளைந்தால் அவ்வில்லை தலைவலியைத்தான் தரும். நிறமும் போலரைஸ்டு வசதியும் பயன்பாட்டைப் பொறுத்த தேர்வுகள். வணிகப்பெயர் இவ்வரிசையில் கடைசியில் வருவது; முந்தைய கேள்விகளுக்கு நிறைவான விடை தரும் மலிவான கண்ணாடி, விடை தராத விலையுயர்ந்த கண்ணாடியைவிட எல்லா வகையிலும் மேலானது. அன்றாட வெயிலுக்கு ஒன்று, சுடுகளத்துக்கு ஒன்று என இரு கண்ணாடிகள் வைத்திருப்பது ஆடம்பரம் அல்ல. ஒரே கண்ணாடி எல்லா வேலைகளையும் செய்துவிடும் என்று நம்பி ஏதோ ஒரு வேலையில் கண்ணைக் காப்பின்றி விடுவதே செலவு மிகுந்த பிழை.