கூம்பும் பறக்கும், தட்டும் பறக்கும்
அட்டைக் குழாயிலிருந்து ஆகாயத்துக்கு – 8

ராக்கெட்டுக்குள் இரண்டு புள்ளிகள் இருப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். எடை முழுவதும் திரண்டு நிற்பதாகக் கொள்ளும் இடம் நிறை மையம். பக்கவாட்டுக் காற்றின் விசை வந்து விழுவதாகக் கொள்ளும் இடம் அழுத்த மையம். நிறை மையம் முன்னாலும் அழுத்த மையம் பின்னாலும் இருக்க வேண்டும். நடுவே குழாய் விட்டத்தைப் போல ஒன்று முதல் இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும். அப்போது ராக்கெட்டைச் சாய்க்கும் காற்றே அதை நிமிர்த்தியும் விடும்.

மெல்லிய குழாய், கூர்மையான மூக்கு, வாலில் மூன்று சிறகுகள் என்ற வழக்கமான உருவம் இந்த விதிக்குச் சுலபமாகப் பொருந்துகிறது. ஆனால் விதி உருவத்தைக் கேட்பதில்லை. அந்தப் புள்ளிகளின் வரிசையைத்தான் கேட்கிறது. அதனால் கூம்பு, பிரமிடு, பறக்கும் தட்டு எதையும் ராக்கெட்டாக்கலாம்.

கொடார்டின் பாடம்

புது உருவத்தை வரைபவர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை, மோட்டாரை உச்சியில் வைத்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் கீழே நேராகத் தொங்கும் என்பது. ராபர்ட் கொடார்டும் அப்படித்தான் செய்தார். 1926 மார்ச் 16 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆபர்னில் அவர் ஏவிய உலகின் முதல் திரவ எரிபொருள் ராக்கெட்டில் எஞ்சின் மேலே, தொட்டிகள் கீழே. இரண்டரை விநாடியில் 41 அடி உயரம் போய், 184 அடி தள்ளி விழுந்தது.

இந்த அமைப்பு நிலைத்தன்மை எதையும் தருவதில்லை. ராக்கெட் சாய்ந்தால் உந்துவிசையும் அதனோடு சேர்ந்தே சாய்கிறது. புவியீர்ப்போ நிறை மையத்திலேயே செயல்படுவதால், அதைத் திருப்பி நிமிர்த்த அதற்கு வழியில்லை. கொடார்டும் பின்னாளில் எஞ்சினைக் கீழே கொண்டுவந்தார். சின்ன ராக்கெட்டை நேராக்கும் வேலையைக் காற்றுதான் செய்தாக வேண்டும்.

சமன்பாட்டின் எல்லை

அழுத்த மையத்தைக் காகிதத்திலேயே கணக்கிடும் வழியை 1966இல் மாதிரி ராக்கெட் ஆர்வலர்களுக்குக் கொடுத்தவர், நாசாவில் ஆய்வு ராக்கெட்டுகளில் பணியாற்றிய ஜேம்ஸ் பரோமன். ராக்கெட் ஒல்லியாக இருக்கும், மிகக் குறைவாகவே சாயும், ஒலியைவிட மெதுவாகப் போகும் என்பவை அந்தக் கணக்கின் அடிப்படை அனுமானங்கள். குட்டையும் பருமனுமான உருவம் முதல் அனுமானத்திலேயே தவறிவிடுகிறது.

ஒரு கூம்பை எடுத்துக்கொள்வோம். உயரம் 20 செ.மீ., அடி விட்டமும் 20 செ.மீ. பரோமன் கணக்குப்படி அழுத்த மையம் நுனியிலிருந்து உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில், அதாவது 13.3 செ.மீ. தொலைவில் இருக்கும். மோட்டாரை அடியில் பொருத்தினால் நிறை மையம் அதற்கும் பின்னால் போய்விடக்கூடும். காகிதத்தில் இது தறிகெட்டுச் சுழல வேண்டிய ராக்கெட். ஆனால் இத்தகைய கூம்புகள் நேராகப் பறக்கின்றன.

காரணம், அடிப்பக்க இழுவை. அகன்ற தட்டையான அடிப்பாகத்துக்குப் பின்னே காற்றழுத்தம் குறைந்து, ராக்கெட்டைப் பின்னோக்கி இழுத்துப் பிடிக்கிறது. பரோமன் கணக்கில் இந்த இழுவைக்கு இடமில்லை. அதை ஈடுகட்ட ஆர்வலர்கள் ஓர் உத்தி வைத்திருக்கிறார்கள். கணினியில் ராக்கெட்டை வரையும்போது, அடிப்பாகத்தின் பின்னால் எடையே இல்லாத ஒரு கற்பனைக் கூம்பைச் சேர்க்கிறார்கள். அதன் நுனி ராக்கெட்டைத் தொடும். நீளம் அடி விட்டத்தைப் போல பை மடங்கு. நம் கூம்புக்கு அது சுமார் 63 செ.மீ. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் அழுத்த மையம் நுனியிலிருந்து ஏறத்தாழ 37.6 செ.மீ. தொலைவுக்கு, ராக்கெட்டையே தாண்டிப் பின்னால் போய்விடுகிறது. இது தோராயமான வழிதான். நீளம் விட்டத்தைப் போல பத்து மடங்குக்கு மேலான ஒல்லி ராக்கெட்டுகளுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது.

இழுவை தரும் நிலைத்தன்மைக்கு உயரம்தான் விலை. மோட்டார் அணைந்ததுமே தட்டும் கூம்பும் வேகம் இழந்துவிடும். எனவே மோட்டார் அணைவதற்கும் பாராசூட் வெளியே தள்ளப்படுவதற்கும் இடையிலான தாமதம் குறைந்த மோட்டார் தேவை. C6-3 என்ற குறியீட்டின் கடைசி எண் அந்தத் தாமதத்தை விநாடியில் சொல்கிறது.

ஏவும் முன்

மோட்டாரையும் பாராசூட்டையும் பொருத்திய பிறகே நிறை மையத்தைக் குறியுங்கள். அங்கே நூலைக் கட்டித் தலைக்கு மேல் வட்டமாகச் சுற்றுங்கள். மூக்கு முன்னால் பார்த்தபடி சுற்றினால் ராக்கெட் தேறிவிட்டது. இது கடுமையான சோதனை. இதில் தவறும் சில ராக்கெட்டுகளும் நன்றாகப் பறக்கக்கூடும். ஆனாலும் தவறினால் மூக்கில் எடை சேர்த்து மறுபடி சுற்றிப் பாருங்கள்.

நிலைத்தன்மையில் ஐயமுள்ள புதிய ராக்கெட்டைப் பார்வையாளர்களை எச்சரித்து, பாதுகாப்பான தொலைவுக்கு அனுப்பிய பிறகே ஏவ வேண்டும் என்கிறது அமெரிக்கத் தேசிய ராக்கெட்டியல் சங்கத்தின் பாதுகாப்பு விதி. புது உருவத்தை வரைய விரும்பும் ஒவ்வொருவரும் இதை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். உருவத்தில் எவ்வளவு துணிச்சலும் காட்டலாம். சோதனையில் ஒரு படியைக்கூடத் தாண்டக் கூடாது.

(அடுத்த வாரம்: பாராசூட் எப்போது விரிய வேண்டும்?)