மஞ்சள் கோடு காட்டிய வழி

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு நிலையத்திலிருந்து ஓடினேன். அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிந்திய பரிசோதனை. மருத்துவமனையில் புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. வழக்கமான மின்தூக்கியைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். அம்புக்குறியை நம்பிப் போனால் எதிரே படிக்கட்டு! அம்மாவோ சக்கர நாற்காலியில். சுவருக்கு அப்பால் துளையிடும் சத்தம்.

“வீட்டுக்கே போயிடலாம்மா,” என்றார்.

வழிகாட்ட வந்த இளம் தாதி மெல்லச் சொன்னார்: “பெரியவங்க யாராவது ஒரு தடவை இந்த நாற்காலியில உட்கார்ந்து வந்து பார்த்தா போதும், அக்கா.”

எவ்வளவு உண்மை! வரைபடம் போடுவது கட்டடக் கலைஞர். ஆனால், எதற்கு முதலிடம் என்று முடிவு செய்வது நிர்வாகம்.

இதற்குச் சிங்கப்பூரிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அலெக்சாண்ட்ரா மருத்துவமனை, பிரிட்டிஷ் ராணுவத்துக்காக 1930களின் இறுதியில் கட்டப்பட்டது. 2000ஆம் ஆண்டு வாக்கில் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்ற லியாக் டெங் லிட், அடிப்படையில் ஒரு மருந்தாளர். கட்டடம் பழையது, ஆனால் சுற்றிலும் பசுமைக்கு இடமிருந்தது. அங்கே தோட்டம் வளர்த்தார்கள். வண்ணத்துப்பூச்சிகள் தேடி வந்தன.

பழைய கட்டடத்தில் கற்ற பாடம் அந்தக் குழுவோடு ஈசூனுக்குப் போனது. 2010இல் திறக்கப்பட்ட கூ டெக் புவாட் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் வருபவரின் ரத்த அழுத்தம் குறைய வேண்டும் என்பதே இலக்கு. காற்றை உள்ளே திருப்பிவிடும் சுவர்த் தகடுகள், மொட்டை மாடியில் காய்கறித் தோட்டம், பக்கத்திலேயே ஈசூன் குளம் என்று எல்லாம் அந்த எண்ணத்தில் சேர்ந்தன.

இது வெறும் அழகுக்காக அல்ல. சன்னல் வழியே மரங்களைப் பார்த்த நோயாளிகள், செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியதாக அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இலேயே எழுதினார்.

தலைவர் கட்டடத்தை மாற்றுகிறார். கட்டடமும் தலைவருக்குக் கற்றுக்கொடுக்கிறது. புதுப்பிப்புக் காலம்தான் அதற்குச் சரியான வகுப்பறை. எந்த வழி அடைபட்டால் யார் தவிக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

அன்றே கருத்துப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் போனபோது, நுழைவாயிலிலிருந்து மாற்று மின்தூக்கி வரை தரையில் மஞ்சள் கோடு! படிவத்தைப் படித்தார்களா, நேரில் நடந்து பார்த்தார்களா, தெரியாது.

அம்மா மட்டும் கோட்டைப் பார்த்துச் சிரித்தார். “யாரோ உட்கார்ந்து பார்த்திருக்காங்க!”